கூரைக்குக் கீழே முந்நூறு

“முந்நூறுன்னு சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போ!”

படைத்தலைவர் கத்திவிட்டார். அவர் மகன் எல்லையில் நிற்கிறான். பயம். அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

மாசிலன் வேலையையும் விடவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. நேராக மலையேறித் தன் குருவம்மாவிடம் வந்துவிட்டான்.

குரு எருமைக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு சிக்கல்.”

“சிக்கல் இல்லாம நீ எப்போ இந்த மலை ஏறியிருக்கே? அந்தக் கூடையைப் பிடி.”

பிடித்தான். நரைத்த தலை, உளவுத்துறையில் பெரிய பதவி, கையில் சாணிக் கூடை.

“எதிரி நாட்டுல எத்தனை ஏவுகணை இருக்குன்னு நாளைக்கு அமைச்சரவையில நான் சொல்லணும். படைத்தலைவர் முந்நூறுங்கிறார். என் ஆட்கள் முப்பதுங்கிறாங்க. முந்நூறுன்னா, அவன் அடிக்கிறதுக்குள்ள நாம அடிக்கணும்பாங்க.”

“முப்பதுன்னா?”

மாசிலன் விழித்தான்.

“இவ்வளவுதானா, இப்பவே அடிச்சிடலாம்பாங்க.”

“நல்லா இருக்கு. எண்ணிப் பார்த்தது யாரு?”

“வானத்திலிருந்து படம் எடுத்தோம். நீளநீளமா முப்பது கொட்டகை. கூரைக்குக் கீழே தெரியாது. அவர் கொட்டகைக்குப் பத்துன்னு போடுறார். நாங்க ஒண்ணுன்னு போடுறோம்.”

“சும்மா போடுறீங்க.”

“சும்மா இல்லம்மா. கணிப்பு.”

எருமை ஒன்று வாலைச் சுழற்றி அவன் சட்டையில் ஒரு சாத்து சாத்தியது. குரு சிரித்தார்.

“அவங்களும் நம்மளை எண்ணுவாங்கல்ல?”

“எண்ணாமலா? போன மாசம் அவங்க உளவாளி ஒருத்தன் மாட்டினான். அவன் சொன்னதைக் கேட்டு ஆபீசே சிரிச்சுது. இந்த மலை மேல நீளமா ஒரு கொட்டகை...”

பாதியில் நிறுத்தினான். சொல்லக் கூடாதென்றுதான் வந்திருந்தான்.

“சொல்லு. எத்தனை போட்டிருக்காங்க?”

“பத்து.”

குரு நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தார். நாலு எருமை. வைக்கோல். மூலையில் ஒரு கன்று. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிற்கும்போது கால் நடுங்கியது.

“நான் என்னம்மா சொல்லட்டும்?”

“உன் முப்பது கொட்டகை இருக்கே, அதுல எதெதுல சாணி அள்ளிக்கிட்டிருக்காங்க?”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் அமைச்சரவை. கையை எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை.

“எத்தனை?” என்றார் தலைமை அமைச்சர்.

“முப்பது கொட்டகை இருக்குங்க.”

“அதைக் கேட்கலை. உள்ளே?”

“கூரையைத்தாங்க பார்த்தோம்.”

“ஏதாவது ஒரு கணக்கைச் சொல்லுய்யா!”

பக்கத்து நாற்காலியிலிருந்து படைத்தலைவர், பாடம் மறந்த பையனுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல, “முந்நூறு, முந்நூறு” என்று முணுமுணுத்தார்.

மாசிலன் சொல்லவில்லை.