சூடு இறக்கும் மாத்திரை

பாறையடி மடத்தில் ஆண்களுக்கு வாசல் வரைதான் இடம். உள்ளே எல்லாம் பெண்கள். குருவும் பெண்தான். தெய்வானை அம்மாள் என்று பெயர், வயது நாற்பத்து நாலு. அவளுக்கு மூத்த சிஷ்யை வடிவு. வடிவுக்கு ஐம்பத்து மூன்று.

சிஷ்யை குருவை 'அம்மா' என்பாள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். வெள்ளிக்கிழமை கும்பிட வருகிற பெண்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

"அம்மாவைவிட மூத்த மகளா! இது எந்த ஊரு முறைட்டி?"

"புத்தி பிந்தி வந்தவளுக்கு இந்த முறைதான்" என்பாள் வடிவு.

வடிவுக்குத் தீட்டு நின்று இரண்டு வருஷம். நின்றதிலிருந்து உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு அனல் கிளம்பும். கழுத்து வழியாக ஏறித் தலைக்குப் போகும். சாரல் அடிக்கிற ஆடி மாசத்திலும் முதுகில் சேலை ஒட்டிக் கிடக்கும். பூஜை மணி அடித்துக்கொண்டே இருப்பாள், பாதியில் மணியைக் கீழே வைத்துவிட்டு விசிறிக்கு ஓடுவாள். தூக்கம் போயிற்று. சின்னப் பேச்சுக்கெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது.

டவுனில் மெடிக்கல் வைத்திருக்கிற பக்தர் ஒருவர் ஒரு டப்பா கொடுத்தார். டாக்டர் சீட்டு வேண்டாத மாத்திரை. மூலிகைச் சத்து, சோயா சத்து, இன்னும் என்னென்னவோ சத்து. டப்பா மேலே ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வடிவு ஒன்றரை மாசம் சாப்பிட்டாள். அனல் குறைந்தது. பிறகும் அவள் மாத்திரையை விடவில்லை.

தனக்குக் கிடைத்தது நாலு பேருக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். நல்ல மனசுதான். பக்தரிடம் சொன்னாள். அவர் ஒரு பெட்டி நிறைய மடத்துக்குக் காணிக்கையாக அனுப்பினார். வெள்ளிக்கிழமை வரிசையில் எவள் 'சூடு' என்று வாயெடுத்தாலும், வடிவு ஒரு கையால் நெற்றியில் நீறு பூசினாள், மறு கையால் டப்பாவை நீட்டினாள்.

திருநீறு கொடுக்கிற கை அது. அந்தக் கை நீட்டியதை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் வாசிக்கவில்லை. கண்ணில் ஒற்றி, முந்தானையில் பொதிந்துகொண்டு போனார்கள்.

குரு இதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மாசம் போனது. ஆவணியில் ஒரு நாள் குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வடிவு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அக்கா."

"இந்த மாத்திரை சூட்டுக்குக் கேக்குமா, கேக்காதா? எனக்குக் கேட்டுச்சு. இசக்கியம்மா என்னடான்னா, ஒண்ணுமே கேக்கலன்னு மொகத்தத் திருப்பிட்டுப் போறா. நாலு பேருக்கு நான் என்ன சொல்ல?"

"எத்தனை பேருக்குக் கொடுத்திய?"

"பதினோரு பேரு."

"கொடுத்த பெறவு அவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டியளா?"

"வெள்ளிக்கிழமை நூறு பேரு நிக்காங்க. அதுல யாரை நிறுத்தி என்னத்தக் கேக்க?"

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க. வரிசையில இல்ல. அவங்கவங்க வீட்டுல உக்காந்து."

வடிவுக்கு இது பதிலாகவே படவில்லை. ஆனாலும் போனாள்.

முதல் வீடு பேச்சியம்மாள் வீடு. "நல்லாத் தூங்குதேன் மயினி. இடி விழுந்தாலும் தெரியாது" என்றாள் பேச்சியம்மாள். வடிவுக்கு மனசு நிறைந்தது.

இரண்டாவது இசக்கியம்மாள் வீடு. அவள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு விவரமாகச் சொன்னாள்.

"மாத்திரை முழுங்க ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் மருமக பிரசவத்துக்குத் தாய்வீடு போனா. சூடு குறைஞ்சுது. நாலு மாசம் கழிச்சுப் பிள்ளையோட வந்தா. சூடும் கூடவே வந்துட்டு. மாத்திரையை நான் ஒரு நாளும் விடல. இதுல மாத்திரைக்கு எம்புட்டு, மருமகளுக்கு எம்புட்டு? நீயே பிரிச்சுச் சொல்லு பாப்போம்."

உள்ளேயிருந்து மருமகள் பாத்திரத்தை 'ணங்'கென்று வைத்தாள். வடிவு காப்பியை முடித்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாவது வீடு சொர்ணத்தாய் வீடு. பீடி சுற்றுகிறவள், தனிக்கட்டை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஆயிரம் பீடி சுற்றுவாள். இன்றைக்குத் தட்டில் இலை அப்படியே கிடந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. வடிவைக் கண்டதும் அந்த முகமும் சிரித்தது.

"வாட்டி என் தெய்வமே! உன்னைத்தான் நெனச்சேன். ரெண்டு வெள்ளிக்கிழமையா மடத்துக்கு வர முடியல. இந்தப் பாழாப்போன காலு ரெண்டும் தள்ளாடுது."

"மாத்திரை எப்படி இருக்கு மயினி?"

சொர்ணத்தாய் அக்கம் பக்கம் பார்த்தாள். பிறகு வடிவின் காதைப் பிடித்து இழுத்துக் குசுகுசுத்தாள்.

"திரும்ப வந்துட்டுட்டி."

"என்னது வந்துட்டு?"

"தீட்டுதான். ஆறு வருஷம் கழிச்சு! தையில முதல்ல ஒரு சொட்டு பட்டுது. உன்கிட்டத்தானே ஓடி வந்து சொன்னேன். உள்ள அடைஞ்சு கெடந்த சூடு வெளிய போகுது, நல்லதுக்குத்தான்னு சொன்ன. இப்ப நெதமும் போகுது. எம்புட்டுச் சூடு அடைஞ்சு கெடந்திருக்கு பாரேன்!"

வடிவுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

"பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்லுதா தெரியுமா? சொர்ணத்துக்கு அடுத்த முகூர்த்தத்துல மாப்பிள்ள பாக்கணுமாம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் சொர்ணத்தாய். சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. வழியனுப்ப எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வடிவு மடத்துக்கு வந்தாள். குரு மிச்சக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மூணு வீடு போனேன்மா. ஒருத்திக்குக் கேட்டிருக்கு. ஒருத்திக்குக் கேட்டுச்சா இல்லையான்னே தெரியல. சொர்ணத்துக்கு ரொம்பவே கேட்டிருக்கு. ஆறு வருஷமா நின்னது திரும்ப வந்திருக்கு. சூடெல்லாம் இறங்குது."

குருவின் கை கீரையில் அப்படியே நின்றது.

"எத்தனை மாசமா?"

"தையிலருந்து."

"அவளுக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

குரு எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"ஆட்டோவைக் கூப்பிடுங்க அக்கா. சொர்ணத்தாயை இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா குருவையும் வடிவையும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"புற்று. கர்ப்பப்பையைத் தாண்டிப் போயிட்டுது. ஈரல்லயும் இருக்கு."

"ஆபரேசன்?" என்றாள் வடிவு.

"முதல் சொட்டு பட்ட அன்னைக்கே வந்திருந்தா எடுத்திருக்கலாம். அநேகமாப் பிழைச்சிருப்பாங்க. இப்ப வலி இல்லாமப் பார்த்துக்கலாம். மூணு மாசம். நாலு மாசம்னா அதிகம்."

வடிவு கொண்டுபோயிருந்த டப்பாவை மேசையில் வைத்தாள்.

"இதுனாலயா வந்துச்சு?"

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுனால வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம்கூடச் சம்பந்தம் இல்லைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு இதுல முழுசாப் போடல. சிலருக்குச் சூடு கொஞ்சம் குறையுது. சிலருக்குக் குறையல. அது வேற விஷயம். தீட்டு நின்னு ஒரு வருஷம் ஆனவங்க ரத்தம் பார்த்தா உடனே வந்து காட்டணும். மாத்திரை சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டாலும் சரி. யாரும் அவங்களுக்குச் சொல்லலையா?"

வடிவு டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

சொர்ணத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கே வந்துவிட்டாள். நோய் என்ன என்பதை அவளுக்குச் சொல்லியாயிற்று. வடிவு நாளும் கஞ்சி கொண்டுபோனாள். ஒரு நாள் கஞ்சியை ஊட்டும்போது சொர்ணத்தாய் அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு எதுக்குட்டி இந்தக் கஞ்சி? நான் கொழுப்பெடுத்தவ."

"என்ன மயினி பேசுதிய?"

"அம்பத்தெட்டு வயசுல திரும்பக் குமரியாயிட்டேன்னு நான் துள்ளுனேன் பாரு. மொகம் பாக்கக் கண்ணாடி வாங்கி மாட்டுனேன். தலைக்குப் பூ வச்சேன். தாலியறுத்தவளுக்கு இதெல்லாம் கேக்குதான்னு சாமி பாத்துட்டு. அதான் வயித்துலயே அடிச்சிருச்சு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

வடிவு கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மடத்துக்கு வந்ததும் மிச்சம் இருந்த டப்பாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் திறந்து மண்ணில் கொட்டினாள். காலால் மிதித்தாள். குரு வந்து துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"இது விசம்னு சொல்லுங்கம்மா" என்றாள் வடிவு.

"விசம்னு டாக்டரம்மாவே சொல்லலியே."

"அப்ப மருந்துன்னு சொல்லுங்க."

"அதையும் அவங்க சொல்லல."

"பின்ன சொர்ணத்தைக் கொல்லுதது எது?"

குரு குனிந்து, மண்ணில் கிடந்த ஒரு டப்பாவை நிமிர்த்தி வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்லா? சொல்லுங்க. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்திய? நான் டப்பா டப்பாவாத் தூக்கிக் கொடுத்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஏன் அக்கான்னு கேட்டியளா? குருன்னு எதுக்கு இருக்கிய?"

மடத்தில் யாரும் குருவை இப்படிக் கேட்டதில்லை.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க முகத்துல சூடு குறைஞ்சதைப் பாத்தேன். சந்தோசமா இருக்காங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன். வேற சமாதானம் எங்கிட்ட இல்ல" என்றாள் குரு.

வடிவு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு அனல் கிளம்பியது. மாத்திரை சாப்பிடுவதை அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே விட்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. குரு முந்தானையால் அவளுக்கு விசிறினாள். அனல் அடங்குகிறவரை விசிறிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் எட்டு வீடு இருக்கு அக்கா" என்றாள் குரு.

"போறேன். ரத்தம் பட்டுச்சான்னு ஒவ்வொருத்தியையும் கேக்கேன். பட்டிருந்தா நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா மாத்திரை கேக்குமா கேக்காதான்னு கேப்பாளுவளே. என்ன சொல்ல?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதைச் சொல்லுங்க."

"நீறு பூசுதவ தெரியாதுன்னு சொன்னா மதிப்பாளுவளா?"

"மதிக்க மாட்டாங்க. சொல்லுங்க."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டு வீட்டுக்கும் நான் போறேன். சொர்ணம் வீட்டுக்கு மட்டும் நீங்க போங்கம்மா. இல்லன்னா வேற யாரையாவது அனுப்புங்க. என்னால முடியாது."

"அவ ஏசுவான்னு பயமா?"

"ஏசுனாத் தேவலையே! அவ என்னைத் தெய்வம்ங்கா. பூ வச்சதுக்கு சாமி தண்டிச்சிருச்சுன்னு, படுத்த படுக்கையில தன்னையே ஏசிக்கிட்டுக் கெடக்கா. நான் சொன்ன சொல்லை நம்பி ஏழு மாசம் வீட்டுலயே இருந்ததாலதான் நோவு முத்திட்டுதுன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. சாகப்போறவகிட்ட அதைப் போய்ச் சொல்லணுமா? அவ அப்படியே போகட்டுமேம்மா."

குரு துவைகல்லிலிருந்து இறங்கினாள். வடிவுக்குக் கையை நீட்டினாள்.

"அந்த ஏச்சு நமக்குச் சேர வேண்டியது அக்கா. அதை அவ தன் தலையில போட்டுக்கிட்டுக் கெடக்கா. அவளுக்கு ஏசத் தெம்பு இருக்கையிலேயே போய்ச் சொல்லி வாங்கிக்கிடுவோம். எந்திரிங்க."