வேம்பனின் கட்டிக்குப் பூசை

ஆலங்காட்டில் வேம்பன் என்றொரு நாய் இருந்தது. அதன் முன்னங்காலில் ஒரு கட்டி முளைத்தது. சுண்டைக்காய் அளவுதான். வலியும் இல்லை.

"எதற்கும் ஆற்றோரத்துக் கரடி டாக்டரிடம் காட்டிவிட்டு வா" என்றது அதன் மனைவி செவலை.

நரி ஓடிவந்து தடுத்தது. "டாக்டரா? ஐயோ! இது வனதேவதை தந்த வரம்! இதில் கத்தி பட்டால் காடே அழிந்துவிடும்!"

சொன்னதோடு விட்டதா அந்த நரி? கட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பூசை என்று காடெல்லாம் சொல்லிவைத்தது. கொக்கு மீன் கொண்டுவந்தது. பாவம், காட்டுக்கோழி தன் முட்டையையே கொண்டுவந்து வைத்தது! அத்தனையும் நரியின் வயிற்றுக்குள் போயிற்று.

வேம்பனுக்கோ தலைகால் புரியவில்லை.

"காடே என்னைக் கும்பிடுகிறது! நீ மட்டும் ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாய்?"

"கும்பிடுவது உன்னை இல்லை, உன் கட்டியை! அது எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. உனக்குக் கண் அவிந்தா போயிற்று?" என்று செவலை சீறியது.

வேம்பன் கேட்கவில்லை. ஒருநாள் அந்தக் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் விழுந்தது. அதற்குமேல் செவலை பொறுக்கவில்லை. பூசைக்கு வந்த கூட்டத்தை விலக்கி, வேம்பனின் காதைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிற்று.

கரடி டாக்டர் கட்டியில் ஊசி குத்தி, உள்ளிருந்து துளி எடுத்துச் சோதித்துப் பார்த்தது.

"கெட்ட கட்டி. வெறுமனே தொட்டுப் பார்த்து இதை என்னாலேயே சொல்ல முடியாது. சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருப்பேன். இப்போது கால் முழுவதையும் எடுத்தால்தான் நீ பிழைப்பாய்!"

கால் போயிற்று. உயிர் மிஞ்சியது.

தையல் பிரிக்க இருவரும் மறுபடி போனார்கள். அங்கே வரிசையில் முதல் ஆளாக யார் நின்றது தெரியுமா? அதே நரி!

"டாக்டர், வாலில் கடுகளவு கட்டி! நேற்றுதான் பார்த்தேன். பயமாக இருக்கிறது, சீக்கிரம் பாருங்கள்!"

வேம்பன் நரியைப் பார்த்துக் குரைத்தது.

"அடப்பாவி! எனக்கு வந்தால் வரம், உனக்கு வந்தால் நோயா?"

நரி அதைக் கேளாததுபோல் உள்ளே நுழையப் பார்த்தது.

"தள்ளி நில்! என் புருஷனுக்குப் பிறகுதான் உனக்கு!" என்று செவலை பல்லைக் காட்டியது. வேம்பன் மூன்று காலால் நொண்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

உடம்பில் புதிதாக ஒன்று முளைத்தால், அதை வைத்து வயிறு வளர்ப்பவன் பேச்சைக் கேட்காமல், சோதித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் உடனே காட்டிவிட வேண்டும்.