முறிவேன் என்று சொன்ன முருங்கை

அந்தக் காலத்தில் மாடு, மரம், கல், இரும்பு எல்லாம் பேசும். பேசுவதோடு நிற்காது, பீற்றிக்கொள்ளவும் செய்யும். முருங்கைக்கும் அப்போது பீற்றிக்கொள்ள விஷயம் இருந்தது. கருவேலத்துக்குச் சரிசமமான உறுதி அதற்கு. வெட்டப் போனால் கோடரி வாய்தான் மழுங்கும்.

அந்த நாளில் கொப்பையா என்ற பண்ணைக்காரருக்கு மாடக்கண்ணு என்ற தச்சர் ஒரு கரும்பாலை செய்து கொடுத்தார். இரண்டு கல் உருளை, அவற்றின் தலையில் இரும்புப் பல், சுற்றுவதற்கு நீளமான கருவேலத் தடி. தடியின் நுனியில் காரி, மயிலை என்று இரண்டு காளைகள். தடியையும் உருளையையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு முளை, அதுவும் கருவேலம்தான். எங்கேயும் உறுதி குறையக்கூடாது என்பது கொப்பையாவின் உத்தரவு.

ஒரு நாள் கரும்புக் கட்டுக்குள் கிடந்த கூழாங்கல் ஒன்று உருளைக்குள் போய் மாட்டிக்கொண்டது. உருளை நின்றுவிட்டது. காளைகள் நிற்கவில்லை, சாட்டை நிற்கவிடவில்லை. வில்லாக வளைந்த தடி திரும்பி அடித்ததில் காரியின் கழுத்து முறிந்தது. ஆலையில் ஒரு கீறல்கூட இல்லை. கொப்பையா உருளையைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று தச்சரைப் பாராட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மயிலை எழுந்திருக்கவில்லை. மாடக்கண்ணு பருத்திக்கொட்டையைக் கொண்டுவந்து வைத்துக் கெஞ்சினார்.

"அண்ணே, அதை நீயே தின்னு" என்றது மயிலை. "இந்த ஆலையில் எது முதலில் முறியும், அதை மட்டும் சொல்."

தச்சருக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்தவருக்கே தெரியவில்லை என்றால் எரிச்சல் வராதா? அவர் போய் ஆலையையே கேட்டார். நான் உடைகிற சாதி இல்லை என்றது கல். என்னை வளைக்க இனிமேல்தான் ஒருவன் பிறக்க வேண்டும் என்றது இரும்பு. கருவேலம் இளக்காரமாகச் சிரித்தது.

"ஆக, நீங்கள் யாரும் முறியமாட்டீர்கள்" என்றது மயிலை. "அப்புறம் முறிய யார் இருக்கிறார்கள்? என் கழுத்துதானே. எனக்கு முன்னால் முறிய ஒருத்தனைக் கொண்டுவா. அதுவரை எழுந்திருக்கமாட்டேன்."

கொட்டில் ஓரத்தில் முருங்கை நின்றிருந்தது. இரண்டு காளைகளும் கழுத்து அரிப்பெடுத்தால் அதில்தான் வந்து உரசும். நேற்றிலிருந்து ஒன்று வரவில்லை.

"நான் முறிகிறேன்" என்றது முருங்கை.

மரமாக இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டது கருவேலம்.

"நேற்று அடித்த தடி நீ. வெட்கம் எனக்கா?"



முருங்கை சும்மா ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. உறுதியை விட்டுத் தருகிறேன், பதிலுக்கு முறிந்த துண்டைக் குப்பையில் எறியக்கூடாது, மண்ணில் ஊன்ற வேண்டும், மண் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும் என்றது. மண் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றது.

பிறகு ஆரம்பித்தது தச்சருக்கும் முருங்கைக்கும் பேரம். நான்கு கரும்பு வைத்தால் தாங்க வேண்டும், கல் சிக்கினால் முறிய வேண்டும். முதலில் கை கனத்துக்கு ஒரு முளை போட்டார், கல்லுக்கும் முறியவில்லை. உறுதியை இன்னும் கொஞ்சம் விடு என்றார். விட்டது. விரல் கனத்துக்கு இழைத்தார். ஒரு கரும்புக்கே போய்விட்டது. முருங்கை அவரைத் திட்டியது, அவர் முருங்கையைத் திட்டினார். எட்டாவது முளைதான் இருவருக்கும் பிடித்தது. மயிலை எழுந்து வந்து நுகத்தில் கழுத்தை வைத்தது.

மூன்றாம் நாள் மறுபடி ஒரு கல். மடக்கென்று முளை முறிந்தது. உருளை நின்றது, தடி வெறுமனே சுற்றியது, மயிலை நான்கு எட்டு நடந்து தானாக நின்றது. கழுத்தை ஒரு முறை ஆட்டிப் பார்த்துக்கொண்டது.

கொப்பையா ஓடிவந்தார். நொறுங்கிப்போகிற சாமானை வைத்து என்னை ஏமாற்றுகிறாயா, இரும்பு முளை போடு என்று தச்சரைப் பிடித்துக் கத்தினார். மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போடுகிறேன் ஐயா. நுகத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். இரும்பு முளைதான் போடுவேன்."

கொப்பையா நுகத்தைப் பார்த்தார், மயிலையைப் பார்த்தார். செருப்பைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் தச்சர் புது முளையை அடித்துவிட்டு, முறிந்த முளைத் துண்டைக் கொட்டில் ஓரத்தில் ஊன்றினார். பத்தாம் நாள் அது துளிர்த்திருந்தது.

அன்று முதல்தான் முருங்கைக் கிளை கால் வைத்தால் முறிகிறது, முறிந்த போத்தை ஊன்றினால் மரமாகிறது. அன்று முதல்தான் இயந்திரம் செய்கிறவர்களும் எது தாங்கும் என்று கேட்பதோடு நிற்காமல், எது முதலில் முறிய வேண்டும் என்றும் கேட்டு, அதற்கென்றே ஒரு சின்னத் துண்டை வைக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டு இரும்பை வை என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் நுகத்தில் கழுத்தை வைத்ததில்லை.