கண்ணைப் பார்த்து வெங்காயம்

"கண்ணைப் பார்த்துப் பேசாத ஆளுக்கெல்லாம் இங்கே சீட் கிடையாதாம்" என்று பியூன் யாரிடமோ சொன்னது நம்பிராஜன் காதில் விழுந்தது. அவனுக்கு ஆட்டிசம். அதைச் சொல்லியே மற்ற கல்லூரிகள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டன. சமையல் வேலை படிக்க மிஞ்சியிருந்தது இந்த கேட்டரிங் பயிற்சி நிலையம்தான்.

சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வுக்கு முதல்வர் சதாசிவமே வந்து எதிரில் நின்றார்.

"வெங்காயத்தை நறுக்கு. நறுக்கி முடிக்கிற வரைக்கும் என் கண்ணைப் பார்த்தே பதில் சொல்லணும். அது முடியாதவன் எந்த வேலைக்கும் லாயக்கில்லை."

நம்பிராஜன் வெங்காயத்திடம் பேசுவதுபோலச் சொன்னான்: "அப்படி நறுக்கிப் பழக்கமில்லை சார். ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டுங்க, கத்துக்கிறேன்."

மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். முதல்வர் வீறாப்பாகக் கத்தியை எடுத்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே ஒரு வெட்டு வெட்டினார். அடுத்த வெட்டுக்குள் அவர் பார்வை கீழே இறங்கிவிட்டது.

"எங்கே சார் பார்க்கறீங்க?"

"பார்க்கலைன்னா விரல் போயிடும்ல, தம்பி!"

"எனக்கும் அதே விரல்தான் சார்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல்வர் கத்தியைக் கீழே வைத்தார். சுவரில் தொங்கிய புது ஏப்ரனை எடுத்து அவனிடம் நீட்டினார்.