கதைக் குழந்தைகளின் அம்மா அப்பா எங்கே போனார்கள்?

விலங்குகளும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கதையில் வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அதனால் கதைகள் சீக்கிரமே முடிந்துவிடும். முயல்குட்டி மலையேறக் கிளம்பும். மழை வருகிறது, உள்ளே வா என்று அம்மா கூப்பிடுவாள். அவ்வளவுதான்.

நாணல்காட்டில் கதை சொல்வது மைனாவின் வேலை. கேட்பவர்களில் யாராவது "ம்" சொன்னால்தான் கதை நகரும். அது அங்கே வழக்கம்.

அந்தக் கோடையில் ஒரு பெண்மான் தண்ணீர் குடிக்கப் போனது, திரும்பவில்லை. அதன் குட்டி ஒன்பது நாளாக எதையும் தின்னவில்லை, பேசவும் இல்லை. விலா எலும்புகள் தெரிந்தன. அதன் காதுபட அம்மா போன விஷயத்தை யாரும் பேசக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மைனா தினமும் புதுப்புதுக் கதை சொல்லிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். மான்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பத்தாம் நாள் மாலை மைனா இப்படித் தொடங்கியது:

"ஒரு ஊர்ல ஒரு யானைக்குட்டி இருந்துச்சு. காட்டுத்தீயில அதோட அம்மாவும் செத்துப்போச்சு, அப்பாவும் செத்துப்போச்சு."

யாரும் "ம்" சொல்லவில்லை. அப்படி ஒன்றைக் கதையில் அவர்கள் கேட்டதே இல்லை. அணில்குட்டி வாயிலிருந்த கொட்டையை நழுவவிட்டது. குட்டிகளெல்லாம் அம்மாக்களின் வயிற்றோடு ஒண்டிக்கொண்டன.

"பிள்ளைங்ககிட்ட சொல்ற பேச்சா இது, மைனாக்கா?" என்றது ஒரு தாய்முயல். "அதுவும் அந்தக் குட்டியை எதிர்ல வச்சுக்கிட்டு."

எழுந்து பறந்துவிடலாமா என்று மைனா நினைத்தபோது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"ம்."

மான்குட்டிதான்.

"அப்புறம் அந்த யானைக்குட்டி என்ன பண்ணுச்சு?"

மைனா அதற்குமேல் யோசித்து வைத்திருக்கவில்லை. "நடந்துச்சு," என்றது. "ரொம்ப தூரம் நடந்துச்சு. பசிச்சது."

"யாரு குடுத்தா?"

"யாரும் இல்ல. காலடியில புல் இருந்துச்சு. அதுவே குனிஞ்சு தின்னுச்சு."

மான்குட்டி வெகுநேரம் தன் காலடியைப் பார்த்தது. பிறகு குனிந்து ஒரு வாய் புல்லைக் கடித்தது. மென்றுகொண்டே, "ம்," என்றது.

அன்று முதல்தான் கதைக் குழந்தைகளும், படக்கதைகளில் வானில் பறந்து ஊரைக் காக்கும் வீரர்களும் அம்மா அப்பா இல்லாமலே கிளம்புகிறார்கள். கதையில் அம்மா அப்பா செத்துப்போகும் இடம் வந்ததும் கேட்கிற பிள்ளைகள் திடுக்கிட்டு, பக்கத்தில் அம்மா இருக்கிறாளா என்று கையால் தடவிப் பார்ப்பதும் அன்று தொடங்கியதுதான்.