கரிச்சானின் இரவல் குரல்கள்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் ஊருக்கொரு பேச்சு இருந்தபோது, ஒரு சித்திரை நாளில் உச்சிப்பொழுது சாய்ந்து இரண்டு நாழிகை ஆகியிருந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. தெற்குக் கடற்கரையில் குளங்களெல்லாம் வற்றி, ஒன்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதைக் காத்த கொக்கு, உள்ளூர்ப் பறவைகளை மட்டுமே அண்டவிட்டது.

அங்கே கூடு கட்டியிருந்த கரிச்சான் உண்மையில் மேற்கே கொங்கு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். கரையோரப் பேச்சைக் கற்று, உள்ளூர்க்காரி என்று சொல்லித்தான் இடம் பிடித்திருந்தாள். அவள் கூட்டில் இறகு முளைக்காத குஞ்சு ஒன்று இருந்தது.

அன்று அவளுடைய தங்கை இரண்டு குஞ்சுகளுடன் வந்து இறங்கினாள்.

"ஏனுங்க்கா, நல்லாயிருக்கீங்ளா? நம்மூர்ல கெணறெல்லாம் வத்திப்போச்சுங். பசங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க்கா."

குளக்கரையில் நின்ற மைனா விழுந்து விழுந்து சிரித்தது. "யம்மா! இவ பேசி முடிக்கதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும் போலயே!"

கொக்கு சிரிக்கவில்லை. "ஏட்டி, ஒன்னய அக்கான்னு கூப்பிடுதா. நீயும் மேக்கத்திக்காரியா? அப்படின்னா கூட்டைப் பிரிச்சிக்கிட்டுக் கெளம்பு."

எல்லாக் கரிச்சான்களுக்கும் நிறமும் வாலும் ஒன்றுதான். இவளைத் தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அதை நம்பமாட்டார்களோ என்ற அச்சத்தில் அக்கா இன்னும் ஒரு படி இறங்கினாள். கழுத்தை நொடித்து, தங்கையைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டினாள். "'ஏனுங்க்கா... தண்ணி குடுங்க்கா...' இப்படிப் பேசுதவள நான் எங்க கண்டேன், அண்ணாச்சி?"

குளக்கரையே சிரித்தது. "இன்னொருக்கச் சொல்லுட்டி!" என்றது மைனா. அவள் இன்னொரு முறையும் சொன்னாள்.

சிரிப்பு ஓயும்வரை தங்கை நின்றாள். "நம்ம அம்மா பேசறாப்லயே இருக்குதுங்க்கா," என்றாள். பிறகு குஞ்சுகளை முன்னே விட்டு, நிழலற்ற உப்பளங்களின் மேல் பறந்து போனாள்.

மறுநாள் காலை கொக்கு வழக்கம்போல் மீன் பிடித்தது. மைனா, தண்ணீருக்கு வந்தவர்களிடமெல்லாம் முந்தைய நாள் வேடிக்கையைச் சொன்னது. தங்கை, எஞ்சியிருந்த ஒற்றைக் குஞ்சுடன் மேற்கே திரும்பினாள். அக்காவோ இதற்கெல்லாம் முன்பே, யாரும் விழிக்குமுன் பனை உச்சியில் அமர்ந்து, தங்கையைத் தங்கள் பேச்சிலேயே அழைக்க வாய் திறந்தாள். மைனாவின் குரல் வந்தது. கொக்கின் குரல் வந்தது. கொங்குப் பேச்சு மட்டும் வரவில்லை.

அன்று முதல்தான் கரிச்சான் எல்லாப் பறவைகளுக்கும் முந்தி எழுந்து, இருட்டில், பிறர் குரல்களில் ஒவ்வொன்றாகக் கூவிப் பார்க்கிறது.