உடும்பாரின் ஆறாவது தேர்தல்

ஏரிக்காட்டில் பாறையப்பன் என்றோர் உடும்பு இருந்தார். காட்டுச் சபையில் ஏரித் தொகுதியின் உறுப்பினர் அவர்தான். ஐந்து தேர்தல்களில் நின்றார், ஐந்திலும் வென்றார். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறோம்? பதவியை அப்படிப் பிடித்திருந்தார்!

ஆறாவது தேர்தலுக்கு இன்னும் எட்டே நாள் இருந்தது. தேர்தல் முறை எளிது. ஆலமரத்தடியில் வேட்பாளருக்கு ஒன்றாக இரண்டு குழிகள் இருக்கும். பிடித்தவர் குழியில் ஆளுக்கொரு புங்கங்கொட்டை போட வேண்டும்.

இந்த முறை அவரை எதிர்த்து நின்றவள் அல்லி என்ற நீர்க்கோழி.

"சின்னப் பொண்ணு! டெபாசிட்கூடத் தேறாது, தலைவரே!" என்றது அணில். அதுதான் உடும்பாரின் உதவியாளர். அது சொன்னதைக் கேட்டு உடும்பாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வடகரையில் முதல் கூட்டம். மரம் கொள்ளாமல் மைனாக்கள்! உடும்பார் ஓர் ஆமைக் கதை சொன்னார். மைனாக்கள் இறக்கை தட்டிச் சிரித்தன. மறுநாள் மேல்கரையிலும் அதே கதை, அதே சிரிப்பு. மூன்றாம் நாள் மூங்கில் தோப்பில் உடும்பார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒருநாள் ஓர் ஆமை…" என்று தொடங்கினார்.

அவ்வளவுதான். தோப்பே குலுங்கக் குலுங்கச் சிரித்தது!

உடும்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமை இன்னும் வீட்டைவிட்டுக்கூடக் கிளம்பவில்லையே! முன்வரிசையைக் கூர்ந்து பார்த்தார். வால் பிய்ந்த மைனா ஒன்று உட்கார்ந்திருந்தது.

"ஏம்பா, உன்னை வடகரையில பார்த்தேனே?"

"மேல்கரையிலும் இருந்தேன், தலைவரே! கூட்டத்துக்கு ஓர் அத்திப்பழம்னு அணில் அண்ணன் சொன்னாரு. கதை எனக்கு மனப்பாடம். மீதியை நான் சொல்லட்டா?"

உடும்பார் அணிலைத் திரும்பிப் பார்த்தார். அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

"நம்ம தொகுதிக்காரங்க எங்கே?"

"யாரும் வரலை, தலைவரே."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"போன வருஷம் பள்ளத்துக் குட்டையில தண்ணி வரலைன்னு பொன்னித் தவளை சொல்ல வந்துச்சு. வாலைச் சுழட்டி விரட்டினீங்க. அன்னையிலேருந்து கெட்ட சேதி சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

உடும்பாருக்குச் சுருக்கென்றது. ஆமையை நடுவழியில் விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். பள்ளத்துக் குட்டையை நோக்கித் தனியாக நடந்தார்.

வழி அவருக்கு மறந்தே போயிருந்தது. இரண்டு தடவை தப்பான பக்கம் திரும்பினார். ஒருவழியாகக் குட்டைக்கு வந்து சேர்ந்தார். குட்டை எங்கே இருந்தது? சேற்றுக்கு நடுவே உள்ளங்கையளவு தண்ணீர்தான் மிச்சம். அதில் நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. ஏரியிலிருந்து வரும் கால்வாயின் குறுக்கே ஒரு மருதமரம் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் மண் சேர்ந்து இறுகிவிட்டது.

அங்கே அல்லி அலகால் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உடல் முழுக்கச் சேறு.

"நீ ஓட்டுக் கேட்கப் போகலையா?" என்றார் உடும்பார்.

"போகணும்னுதான் பார்க்கிறேன். இதுங்களை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரலை. ஆனா என் அலகுக்கு இந்த மண் அசையலையே!"

உடும்பார் தம் நகங்களைப் பார்த்தார். பிறகு மரத்தின் அடியில் தோண்டத் தொடங்கினார்.

பொன்னித் தவளை சேற்றிலிருந்து தலையைத் தூக்கியது. "தேர்தல் வந்தாத்தான் இந்த நகம் வேலை செய்யுமா?"

"ஆமா பொன்னி. சொல்லவே வெட்கமா இருக்கு," என்றார் உடும்பார்.

"செய்யுங்க, நல்லதுதான். ஆனா எங்க ஓட்டு அல்லிக்குத்தான். கோவிச்சுக்காதீங்க!"

உடும்பாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. நாள் முழுக்கத் தோண்டினார். மறுநாளும் தோண்டினார். மண் கல்லாக இருந்தது. நகம் இரண்டு ஒடிந்தது. அல்லி மண்ணைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாளும் வந்தது. அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"தலைவரே! கீழ்கரை முயல்கள் இன்னும் யார் பக்கமும் சாயலை. நீங்க நேர்ல வந்தா உங்களுக்கே போடுறாங்களாம். நாப்பது ஓட்டு! இப்பவே கிளம்பினாத்தான் பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரலாம்!"

உடும்பார் மண்வெட்டும் கையை நிறுத்தினார். நாற்பது ஓட்டு இருந்தால் ஆறாவது வெற்றி நிச்சயம். குட்டையைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் சுருங்கியிருந்தது. நாளைய வெயிலை அது தாங்காது.

"முயல்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. எனக்கு இங்க வேலை இருக்கு," என்றார்.

அணில் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, அதுவும் இறங்கிப் பிஞ்சுக் கைகளால் மண்ணை அள்ளியது.

அந்தி சாயும் நேரத்தில் மரத்தடியில் ஒரு சிறு துளை விழுந்தது. முதலில் சொட்டியது. பிறகு கசிந்தது. பிறகு குபுகுபுவென்று தண்ணீர் பாய்ந்தது! தலைப்பிரட்டைகள் குட்டை முழுக்கச் சிதறி ஓடின. தவளைகள் போட்ட கூச்சலில் காடே அதிர்ந்தது.

மறுநாள் கொட்டைகளை எண்ணினார்கள். ஒன்பது கொட்டை வித்தியாசத்தில் உடும்பார் தோற்றார்.

அணில் தேம்பித் தேம்பி அழுதது. உடும்பாருக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. இருபத்தைந்து வருஷத்துப் பதவி அல்லவா! ஆனாலும் அல்லியைத் தேடிப்போய் வாழ்த்தினார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வெளியே பொன்னித் தவளை நின்றது.

"நம்ம குட்டைக் கரையில ஓட்டை விழுந்திருக்கு. தண்ணி வீணாப் போகுது. கொஞ்சம் வர்றீங்களா?"

"நான்தான் தோத்துட்டேனே, பொன்னி! அல்லிகிட்டதானே சொல்லணும்?"

"சொல்லிட்டேன். அவ அங்கதான் நிக்கிறா. உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னா. நீங்களும் இப்பல்லாம் சொன்னா காது குடுத்துக் கேக்குறீங்களே!"

ஐந்து முறை வென்றபோதும் அவரிடம் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. உடும்பாருக்குக் கண் கலங்கியது. காலைச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் பொன்னிக்கு முன்னால் அவரே விறுவிறுவென்று நடந்தார்.

புகழ்ச்சியை மட்டும் கேட்கும் தலைவர் ஊரைவிட்டு விலகிப் போகிறார். குறையைக் காது கொடுத்துக் கேட்பவரைப் பதவி போனாலும் ஊர் கைவிடாது.